மங்கலாய் எரிந்தாலும் அது விண்மீன்தான்



அக்டோபர் மாதத்தில் இரவு பத்து, பதினோரு மணிவாக்கில் நம் நாட்டில் எங்கிருந்து அண்ணாந்து பார்த்தாலும், கும்ப ராசி மண்டலம் ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கும். அங்கே ஒரு விண்மீன் இருக்கிறது. அதன் பெயர் டிராப்பிஸ்ட்-1. அதை நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க முடியாது. வெறும் கண்ணுக்குத் தெரியும் ஆக மங்கலான விண்மீனைவிட அது ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் மங்கல். நகரத்து விளக்கு வெளிச்சம் ஒரு பக்கம் இருக்கட்டும். காட்டுக்குள்ளே போய் நின்று பார்த்தாலும் தெரியாது.

இப்படி யாருக்கும் தெரியாத ஒரு விண்மீனைப் பற்றி நம் இளைஞர் ஏட்டில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வட்டாரத்தில் சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் இலவச வகுப்பு நடக்கிறது. நான் அங்கே கணிதம் சொல்லித் தருகிறேன். ஒரு நாள் விகிதக் கணக்குக்கு உதாரணமாக இந்த விண்மீனைச் சொன்னபோது படிவம் 4 மாணவன் ஒருவன் கேட்டான்: "கண்ணுக்கே தெரியாதது இருந்தா என்னா, இல்லாட்டி என்னா அண்ணே?"

வகுப்பே சிரித்தது. ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. யாரும் பார்க்காத ஒன்றுக்கு மதிப்பு இருக்கிறதா? இருந்தால் அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது? பார்க்கிறவரிடமிருந்தா, அதனிடமிருந்தேவா? ஒரு செயலைச் செய்துவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கைப்பேசியில் எண்ணிக்கொண்டிருக்கும் காலத்தில் வாழ்கிற நமக்கு, இது நேராக நம் வீட்டுக் கதவைத் தட்டுகிற கேள்வி.

மங்கலைத் தேடிப் போனவர்கள்

முதலில் அந்த விண்மீனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். அது நம்மிடமிருந்து ஏறத்தாழ 40 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நொடிக்கு 17 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருக்கும் வாயேஜர்-1 விண்கலம் அந்தத் தூரத்தைக் கடக்க 7 லட்சம் ஆண்டு ஆகும். விண்மீன் என்று சொன்னாலும் உருவத்தில் வியாழன் கோளைவிடக் கொஞ்சம்தான் பெரியது. எடை சூரியனின் எடையில் 9 விழுக்காடு. வெளிச்சமோ சூரியனின் வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிவப்புக் குறுமீன்களிலேயே குளிர்ந்த வகை.

இப்படிப்பட்ட விண்மீனைச் சுற்றிக் கோள் தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? வேற்றுக் கோள்களைத் தேடிய பலரும் சூரியனைப் போன்ற பெரிய, பளிச்சென்ற விண்மீன்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெல்ஜியம் நாட்டின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கேல் கியோன் குழுவினர் வேறு வழியில் போனார்கள். சிறியதும் மங்கலானதுமான விண்மீன்களைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். தென்னமெரிக்காவில், சிலி நாட்டின் லா சில்லா மலையில் அவர்கள் வைத்திருந்த தொலைநோக்கியின் ஆடி வெறும் 60 சென்டிமீட்டர்தான். நம் கோயில் சீர்வரிசையில் வைக்கும் பெரிய தாம்பாளத்தின் அளவு.

அவர்கள் அப்படித் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைக்கும். அந்தக் குறைவை அளந்தே கோள் இருப்பதைக் கண்டுகொள்கிறார்கள். நம் பூமி சூரியனுக்குக் குறுக்கே போனால் வெளிச்சத்தில் 12,000ல் ஒரு பங்குதான் குறையும். பூமி அளவுள்ள கோள் டிராப்பிஸ்ட்-1க்குக் குறுக்கே போனால் ஏறக்குறைய 170ல் ஒரு பங்கு குறையும். அதாவது, விண்மீன் சின்னதாக இருந்த காரணத்தால்தான் சின்னக் கோள்கள் தெரிய வந்தன. எதைக் குறை என்று மற்றவர்கள் ஒதுக்கினார்களோ அதுவே இங்கே உதவியாக இருந்தது.

2016 மே மாதம் மூன்று கோள்கள் என்று அறிவித்தார்கள். பிறகு ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி ஏறக்குறைய 500 மணி நேரம் அந்த ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2017 பிப்ரவரி 22ஆம் நாள் உலகத்துக்குச் செய்தி வந்தது: அங்கே ஏழு கோள்கள் இருக்கின்றன. ஏழும் ஏறத்தாழப் பூமி அளவுள்ளவை. ஏழின் பாதையையும் சேர்த்தாலும் நம் புதன் கோளின் பாதைக்குள்ளேயே அடங்கிவிடும்.

யாரும் கேட்காத தாளம்

என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது அடுத்த விஷயம். முதல் கோள் ஒன்றரை நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. கடைசிக் கோளுக்குப் பத்தொன்பது நாள் ஆகிறது. இந்த ஏழும் தம் இஷ்டத்துக்கு ஓடவில்லை. முதல் கோள் 24 சுற்று முடிக்கும் நேரத்தில் மற்றவை முறையே ஏறத்தாழ 15, 9, 6, 4, 3, 2 சுற்று முடிக்கின்றன. ஒன்றை ஒன்று ஈர்த்து, ஒன்றுக்கு ஒன்று கணக்குப் பிசகாமல் சுற்றுகின்றன. மிருதங்கம் கற்றவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். காலப் பிரமாணம் தவறாத ஏழு கைகள்.

அந்த விண்மீனின் வயது சுமார் 760 கோடி ஆண்டு என்று மதிப்பிடுகிறார்கள். முன்னே பின்னே 220 கோடி இருக்கலாம். நம் சூரியனின் வயதோ 460 கோடி. நாம் பிறப்பதற்கு முன்பே, ஒருவேளை நம் பூமியே உருண்டு திரள்வதற்கு முன்பே, அங்கே அந்தச் சுற்று ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பார்க்க ஆளில்லை. கை தட்ட ஆளில்லை. 2016இல் தொலைநோக்கியில் விழுந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியது 1976 வாக்கில். நம்மில் பலருடைய அப்பா அம்மா அப்போது சின்னப் பிள்ளைகள். அறிவிப்பு வந்த அன்று நாம் "புதுசா ஏழு கோள்" என்று சொன்னோம். புதுசாக வந்தது நமக்குத் தெரிந்த தகவல்தான்.

ஆகவே அந்த மாணவனுடைய கேள்விக்கு முதல் பாதி விடை இதுதான்: கண்டுபிடிப்பு என்பது கண்டுபிடித்தவனுடைய அறிவில் ஏற்படும் மாற்றம். கண்டுபிடிக்கப்பட்டதன் மதிப்பில் ஏற்படும் மாற்றம் இல்லை.

நம் சமயத்தில் இதைச் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் வரும் பூசலார் நாயனார் வரலாறு. சமய வகுப்பில் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். திருநின்றவூரில் சிவபெருமானுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், கையில் காசில்லை. ஆகவே மனத்துக்குள்ளேயே பொருள் தேடி, தச்சரை வரவழைத்து, அடித்தளம் போட்டு, விமானம் எழுப்பி, கிணறு வெட்டி, மதில் கட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளைத்தான் காஞ்சியில் கற்கோயில் கட்டி முடித்த பல்லவ மன்னனும் குறித்திருந்தான். இறைவன் அவன் கனவில் வந்து, "நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவை வேறு நாளுக்குத் தள்ளி வை" என்று சொல்லிவிட்டார். மன்னன் திருநின்றவூருக்குப் போய்க் கோயில் எங்கே என்று விசாரித்தால், ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். "பூசலார் கோயிலை யாரும் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? இறைவன் பார்த்தாரே! அப்படியானால் பார்க்கிறவர் இருந்ததால்தானே அதற்கு மதிப்பு?" நியாயமான மறுப்புதான். ஆனால் கதையின் வரிசையைக் கவனியுங்கள். மனக்கோயில் முழுதாகக் கட்டி முடிந்த பிறகுதான் கனவு வருகிறது. இறைவன் பார்த்ததால் அது கோயில் ஆகவில்லை. அது கோயிலாக இருந்ததால்தான் இறைவன் அங்கே போனார். பூசலார் பக்கமிருந்து பார்த்தாலும் அப்படித்தான். மன்னன் வருவான், ஊர் கூடும் என்று எண்ணி அவர் ஒரு கல்கூட வைக்கவில்லை. பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்று கீதை சொல்லும் கர்ம யோகமும் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

அப்படியானால் ஏன் பார்க்க வேண்டும்?

இதோடு நிறுத்தினால் ஓர் ஆபத்து இருக்கிறது. "மதிப்பு உள்ளேயே இருக்கிறதுதானே? பிறகு நாம் எதற்குப் பார்க்க வேண்டும்? மங்கலானவர்கள் மங்கலாகவே இருக்கட்டும், இறைவன் பார்த்துக்கொள்வார்" என்று வசதியாக ஒதுங்கிவிடலாம். யாரும் பாராட்டாவிட்டாலும் உழைத்துக்கொண்டே இரு என்று பலவீனமானவர்களுக்கு உபதேசம் செய்துவிட்டுப் போய்விடலாம். இந்த அறிவுரையை ஒருவர் தனக்குச் சொல்லிக்கொண்டால் அது பக்குவம். அடுத்தவரைக் கைவிடுவதற்காகச் சொன்னால் அது கல்நெஞ்சம்.

விண்மீனுக்கும் மனிதனுக்கும் உள்ள ஒப்புமை இந்த இடத்தில் முறிகிறது. டிராப்பிஸ்ட்-1க்கு நாம் தேவையில்லை. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது இன்னும் பல லட்சம் கோடி ஆண்டு எரியும். சிக்கனமாக எரியும் குறுமீன்களுக்கு ஆயுள் அவ்வளவு கெட்டி. மனுஷன் அப்படி இல்லை. பதினாறு வயதுப் பையனை நாலு வருஷம் யாரும் கண்டுகொள்ளாவிட்டால் அவன் அணைந்து போகிறான். அவனுடைய மதிப்பு நம் பார்வையால் வருவதில்லை என்பது உண்மை. ஆனால் அவன் நிலைத்து நிற்பதற்கு நம் பார்வை வேண்டும் என்பதும் உண்மை.

எங்கள் சனிக்கிழமை வகுப்புக்குப் பொறுப்பாக இருக்கும் அக்கா ஒருவர் வருகைப் பதிவை ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். வந்தானா இல்லையா என்று மட்டும் எழுதமாட்டார். எத்தனை மணிக்கு வந்தான் என்றும் எழுதுவார். இதெல்லாம் எதற்கு என்று நாங்கள் கிண்டல் செய்வோம். கேள்வி கேட்டானே, அந்தப் பையன், சராசரி மாணவன். மண்டபத்தில் நாற்காலி அடுக்குவதில் முதல் ஆள், மதிப்பெண் பட்டியலில் கடைசிக்குப் பக்கம். ஒரு தடவை மூன்று வாரம் வரிசையாகப் பத்துப் பதினைந்து நிமிடம் தாமதமாக வந்தான். எங்கள் யார் கண்ணுக்கும் அது பெரிசாகப் படவில்லை. அக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவன் இதுக்கு முன்னாடி ஒரு நாள்கூட லேட்டா வந்ததில்ல, என்னான்னு கேக்கணும்" என்றார். கேட்டோம். அப்பாவுக்கு வேலையிடத்தில் காலில் அடி. வருமானம் நின்றுவிட்டது. பையன் இரவில் கார் கழுவும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். அடுத்த மாதம் பள்ளியை விட்டுவிடுவதாக முடிவே செய்துவிட்டிருந்தான்.

எனக்கு அந்த 500 மணி நேரம் ஞாபகம் வந்தது. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான மங்கலைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், அந்த விண்மீன் மற்ற நேரத்தில் எப்படி எரிகிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் சின்னக் குறைவு தெரியும். பளிச்சென்ற பிள்ளை மங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும். ஏற்கெனவே மங்கலாக இருக்கிறவன் இன்னும் கொஞ்சம் மங்கினால் யாருக்குத் தெரியும்? நோட்டுப் புத்தகம் வைத்திருந்த அக்காவுக்குத்தான் தெரிந்தது.

காட்டுவதும் கூடவே காண்பதும்

சைவ சித்தாந்தம் படித்தவர்கள் "காட்டும் உபகாரம், காணும் உபகாரம்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சிவஞானபோதத்தின் பதினோராம் நூற்பாவை விளக்கும்போது வரும் கருத்து இது. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு. ஆனாலும் தானாகப் பார்த்துவிடாது. உயிர் கண்ணோடு கலந்து நின்று, கண்ணுக்குக் காட்டி, தானும் கூடவே காண்கிறது. அதேபோல உயிருக்கு அறியும் ஆற்றல் உண்டு. இறைவன் உயிரோடு கலந்து நின்று, அதற்குக் காட்டி, தானும் உடன் காண்கிறான். ஒதுங்கி நின்று "அதோ பார்" என்று கை காட்டுவது வேறு. பக்கத்தில் நின்று, அவன் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குக் குனிந்து, அவனோடு சேர்ந்து பார்ப்பது வேறு.

இறைவனுடைய உதவியை மனிதர் செய்துவிட முடியாது. ஆனால் அந்த முறையைக் கற்றுக்கொள்ளலாம் அல்லவா? நம் தொண்டு பெரும்பாலும் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது. ஊக்கமூட்டும் பேச்சாளரை அழைக்கிறோம், எப்படி முன்னேறலாம் என்று படம் போட்டுக் காட்டுகிறோம், குழுப்படம் எடுக்கிறோம், வீட்டுக்குப் போகிறோம். அந்தப் பையன் விஷயத்தில் அக்கா செய்தது இரண்டாவது வகை. வீட்டுக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்து மாதச் செலவைக் கணக்குப் போட்டார். அப்பாவுக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீட்டுக்கு எந்தப் பாரம் நிரப்ப வேண்டும் என்று விசாரித்து, கூடவே போய் வரிசையில் நின்றார். பையனின் வேலை நேரத்தைச் சனி, ஞாயிறு பகலுக்கு மாற்றும்படி கடைக்காரரிடம் பேசினார். எங்கள் வகுப்பை அவனுக்காகச் சனிக்கிழமை இரவுக்குத் தள்ளி வைத்தோம்.

இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு: "அப்படியென்றால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பாராட்டுவது தப்பா? எஸ்.பி.எம். தேர்வில் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவர்களை மேடையில் ஏற்றி மாலை போடக் கூடாதா?" தப்பே இல்லை. உழைத்துச் சாதித்தவரைப் பாராட்டாத சமூகம் உருப்படாது. சிறுபான்மைச் சமூகமாக இருக்கிற நமக்கு அந்தப் பிள்ளைகள் பெரிய நம்பிக்கை. நான் சொல்வது மேடையை இடிக்க வேண்டும் என்பதல்ல. மேடையில் ஏறியவர்கள் மட்டும்தான் நம் பிள்ளைகள் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதுதான். வானத்தில் வெறும் கண்ணுக்குத் தெரிகிற விண்மீன்களைப் பாருங்கள். நம் பால்வீதியில் எண்ணிக்கையில் அதிகமாக இருப்பவை சிவப்புக் குறுமீன்கள்தான். அவற்றில் ஒன்றுகூட வெறும் கண்ணுக்குத் தெரியாது. நமக்குத் தெரிவதை வைத்து வானம் இவ்வளவுதான் என்று நினைத்தால் பெரும்பான்மையை விட்டுவிடுகிறோம். சமூகத்திலும் பெரும்பான்மையோர் சராசரிப் பிள்ளைகள்தான்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் நுட்பமானது. "மங்கலானவர்களுக்குள்ளே ஒரு மேதை ஒளிந்திருப்பான், அதனால்தான் தேட வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். இது பார்ப்பதற்கு ஆதரவு போல இருக்கும். உண்மையில் ஆதரவு இல்லை. 2017இல் செய்தி வந்தபோது, உயிர்கள் வாழக்கூடிய உலகங்கள் கிடைத்துவிட்டன என்பதுபோலப் பலர் பேசினார்கள். பிறகு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தது. 2023இல் வெளிவந்த முடிவுகளின்படி முதல் கோளின் பகல் பக்கத்து வெப்பம் ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸ். அங்கே சொல்லும்படியான காற்று மண்டலம் இருப்பதற்கான அடையாளம் இல்லை. இரண்டாவது கோளிலும் அடர்த்தியான கரியமிலவாயு மண்டலம் இல்லை. மற்றவற்றை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். சிலருக்கு இது ஏமாற்றம். அந்த ஆராய்ச்சியாளர்கள் அதற்காகத் தொலைநோக்கியைத் திருப்பிக்கொள்ளவில்லை. வெறும் பாறை என்றால், வெறும் பாறை என்று தெரிந்துகொள்வதும் அறிவுதான்.

மனிதர்களிடமும் இந்த நேர்மை வேண்டும். மேதையாக மாறுவான் என்ற நிபந்தனையோடு ஒருவனைக் கவனித்தால், மாறாதபோது கைவிட்டுவிடுவோம். அப்போது நாம் பார்த்துக்கொண்டிருந்தது அவனை இல்லை, நம் ஆசையை. அந்தப் பையன் எஸ்.பி.எம். எழுதினான். சில பாடங்களில் தேர்ச்சி, சிலவற்றில் இல்லை. செய்தித்தாளில் படம் வரவில்லை. இப்போது ஒரு தொழில்திறன் பயிற்சிக் கல்லூரியில் குளிர்சாதன வேலை கற்றுக்கொண்டிருக்கிறான். வார இறுதியில் கோயிலுக்கு வருகிறான், இன்னமும் நாற்காலி அடுக்குகிறான். இது வெற்றிக் கதையா என்று கேட்டால், எனக்கு அந்தச் சொல்லே இங்கே பொருந்துவதாகப் படவில்லை. ஒரு பிள்ளை நம் கண் முன்னே காணாமல் போக இருந்தான், போகவில்லை. அவ்வளவுதான். அது போதும்.

நாம் என்ன செய்யலாம்?

தத்துவம் பேசிவிட்டுப் போனால் போதாது. ஒவ்வொரு வட்டாரத்திலும், ஒவ்வொரு கிளையிலும் மூன்று காரியங்களைச் செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று, அடுத்த கூட்டத்தில் உறுப்பினர் பட்டியலை எடுத்து வையுங்கள். போன ஆறு மாதத்தில் யாருடைய பெயரை நாம் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை என்று பாருங்கள். அந்தப் பெயர்களுக்கு முதலில் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

இரண்டு, தொண்டு செய்யும்போது மாதத்தில் ஒரு காரியத்தையாவது படம் எடுக்காமல், எங்கும் பகிராமல் செய்து பழகுங்கள். படம் எடுப்பது பாவம் என்பதற்காக அல்ல. யாரும் பார்க்காதபோதும் நமக்கு அதில் மனம் நிற்கிறதா என்று நமக்கே தெரிய வேண்டும்.

மூன்று, ஒருவரை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போதும். பத்துப் பேரை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒருவரைத் தொடர்ந்து பார்ப்பது கடினம். அவர் சாதாரணமாக எப்படி இருப்பார், எப்படிச் சிரிப்பார், எத்தனை மணிக்கு வருவார் என்று தெரிந்துவைத்திருங்கள். ஒரு நாள் குரல் கொஞ்சம் இறங்கினால், உங்களுக்காவது அது தெரிய வேண்டும்.

அந்தப் பையனுக்கு அன்றைக்கு நான் இவ்வளவு நீளமாகப் பதில் சொல்லவில்லை. "நம்ம பாக்கலன்னாலும் அது இருக்குதுடா. பாத்தா நமக்குத்தான் நல்லது" என்று மட்டும் சொன்னேன். விண்மீனைப் பொறுத்தவரை அந்தப் பதில் போதும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பொறுத்தவரை போதாது. அவர் பெயர் என்ன, இந்த வாரம் எப்படி இருக்கிறார் என்று கேட்பதில்தான் மீதிப் பதில் இருக்கிறது. இந்த வாரமே கேட்டுப் பாருங்களேன்.